வீட்டை நிலநடுக்கத்துக்குத் தயார் செய்வது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அதிகாலை நாலரை மணிக்குக் கட்டில் ஆடியதும் எழுந்து வாசலை நோக்கி ஓடினேன். நல்ல இருட்டு. கூடத்தில் புத்தக அலமாரி குப்புற விழுந்து வழியை அடைத்துக் கிடந்தது. அதன் கண்ணாடிக் கதவு நொறுங்கித் தரை முழுக்கச் சில்லுகள். வெறுங்காலோடு அதில் மிதித்ததில் வலது பாதத்தில் ஏழு தையல். மறுநாள் வந்து பார்த்த பொறியாளர் கட்டடத்தில் ஒரு விரிசல்கூட இல்லை என்றார்.

நிலம் ஆடும் நேரத்தில் நம்மால் செய்ய முடிவது மிகக் குறைவு. தவழலாம், தலையை மறைக்கலாம், எதையாவது பிடித்துக்கொள்ளலாம். மற்றதெல்லாம் அதற்கு முன்பே செய்து முடித்திருக்க வேண்டியவை. நான் வரிசை மாற்றிச் செய்தேன். முதலில் பெரிய பை ஒன்று வாங்கி டப்பா உணவுகளை அடுக்கினேன். அலமாரிகளைச் சுவரோடு பொருத்த ஐந்து மாதம் கழித்துத்தான் டிரில்லைக் கையில் எடுத்தேன். அந்த ஐந்து மாதமும் குழந்தையின் கட்டில் பக்கத்தில் ஆள் உயர பீரோ இரண்டு எந்தப் பிடிமானமும் இல்லாமல் நின்றன என்பதை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

நிலநடுக்கம் வரக்கூடிய பகுதிக்கு நீங்கள் புதிதாகக் குடிபோகிறீர்கள் என்றால் கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். வேலைக்குப் போகிற ஆளுக்கு நாலைந்து வாரயிறுதிகள் பிடிக்கும். பாதிக்கு மேல் காசே ஆகாது.

1. இன்றிரவே படுக்கையறை

மகாராஷ்டிரத்தின் லாத்தூர் 1993, அமெரிக்காவின் நார்த்ரிட்ஜ் 1994, ஜப்பானின் கோபே 1995, துருக்கி 2023. இந்த நான்கும் மனிதர்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது வந்தவை. கோபேயில் மணி 5.46, துருக்கியில் 4.17. நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் ஒரே இடத்தில் படுத்துக் கிடக்கிறோம். அதனால் அங்கிருந்து தொடங்குங்கள்.

கட்டிலைச் சன்னலை விட்டு நகர்த்துங்கள். தலைக்கு மேல் மாட்டிய படம், கடிகாரம், பரண், ஏசி எதுவும் படுக்கைக்கு நேரே இருக்கக் கூடாது. ஏசியை நகர்த்த முடியாது என்றால் கட்டிலை நகர்த்துங்கள். பீரோ சாய்ந்தால் எதுவரை வரும் என்று அதன் உயரத்தைத் தரையில் அளந்து பாருங்கள். அந்த எல்லைக்குள் யார் தலையும் இருக்கக் கூடாது. கதவைத் திறக்கவிடாமல் விழக்கூடிய பொருள் எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

அப்புறம் காலணி. தடித்த அடிப்பாகம் உள்ள ஒரு ஜோடியை ஒரு துணிப்பையில் போட்டு, பையின் வாயை முடிந்து, கட்டில் காலோடு கட்டிவையுங்கள். சும்மா கட்டிலடியில் தள்ளிவைத்தால் போதாது. ஆட்டத்தில் செருப்பு அறையின் மறுகோடிக்குப் போய்விடும், பை இல்லாவிட்டால் உள்ளே கண்ணாடி புகும். அதே பையில் ஒரு டார்ச், ஒரு விசில், கண்ணாடி அணிபவர் என்றால் பழைய மூக்குக்கண்ணாடி. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பை.

செலவு அனேகமாக ஒன்றுமில்லை. நேரம் ஒரு மணி.

2. கட்டடம் தாங்குமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

பீரோ விழுந்தால் காயம். கட்டடம் விழுந்தால் உயிர். ஆனால் இதற்கு நாளாகும், இன்னொருவரைச் சார்ந்திருக்கும் வேலை. அதனால்தான் முதல் இடத்தில் வைக்கவில்லை.

வாடகைக்கோ விலைக்கோ வீடு பார்க்கும்போதே இவற்றைக் கேளுங்கள்: எந்த ஆண்டு கட்டியது, அப்போது நிலநடுக்க விதிகள் நடப்பில் இருந்தனவா, பிறகு மாடி ஏற்றினார்களா, சுவர் எதையாவது இடித்தார்களா. சொந்த வீடு என்றால் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், கட்டமைப்பு வரைபடம், மண் பரிசோதனை அறிக்கை மூன்றும் கையில் இருக்க வேண்டும். கட்டியவரிடம் கேட்டு வாங்குங்கள். ஆண்டுகள் கழிந்தால் கிடைக்காது.

கண்ணால் பார்த்தே சந்தேகப்பட வேண்டியவை சில உண்டு. தரைத்தளம் முழுவதும் வண்டி நிறுத்தவோ கடைக்கோ திறந்து கிடந்து, மேல் மாடிகள் மட்டும் சுவர் அடைத்து நிற்கும் கட்டடம். ஆட்டம் வந்தால் முழுச் சுமையும் அந்தக் கீழ்த்தளத் தூண்களில்தான் இறங்கும். கம்பி போடாத செங்கல் அல்லது கல் சுவர் மேல் கனமான கூரை. மொட்டை மாடியில் பின்னால் சேர்த்த பெரிய தண்ணீர்த் தொட்டி. பிடிப்பில்லாத கைப்பிடிச்சுவர். தூண்களில் வெளியே தெரியும் துருப்பிடித்த கம்பி.

இவற்றில் ஒன்று இருந்தாலும் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். வீடு கட்டும் மேஸ்திரியையோ உள்ளலங்காரம் செய்பவரையோ அல்ல. நான் முதலில் ஒரு ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டேன். விரிசலில் சிமெண்ட் பூசி, வண்ணம் அடித்து, பணம் வாங்கிக்கொண்டு போனார். அது பூச்சு விரிசல்தானா, சுவர் விரிசலா என்று பார்க்கக்கூட இல்லை. அறிக்கையை எழுத்தில், கையெழுத்தோடு கேளுங்கள். காப்பீட்டுக்கும் பின்னால் அது உதவும்.

தூணுக்குக் கான்கிரீட் உறை போடுவது, சுவர்களைப் பட்டையால் பிணைப்பது, கூரையைச் சுவரோடு சேர்த்துக் கட்டுவது எல்லாம் செலவு பிடிக்கும் வேலைகள்தான். குறைந்தது இரண்டு பேரிடமாவது மதிப்பீடு வாங்குங்கள். குடியிருப்போர் சங்கம் இருந்தால் தனியாக அலையாதீர்கள். முழுக் கட்டடத்துக்கும் ஒரே ஆய்வு எடுத்தால் பங்கு சிறிதாகிவிடும். வாடகைக்காரர் என்றால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் வேறு வீடு பார்ப்பது. பாதுகாப்பில்லை என்று தெரிந்தால் தயங்காமல் மாறுங்கள்.

3. சாயக்கூடியதைச் சுவரோடு பிணையுங்கள்

இந்த வேலையில்தான் நான் அதிகம் தவறு செய்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போங்கள். இடுப்புக்கு மேல் உயரமானது, கனமானது, சக்கரம் உள்ளது, கண்ணாடி உள்ளது எல்லாவற்றையும் எழுதுங்கள். எங்கள் வீட்டில் 31 பொருள் தேறியது. அதில் ஒன்பதை விற்றோம் அல்லது கொடுத்துவிட்டோம். மிச்சத்தில் உறங்கும் இடம், வெளியேறும் வழி இந்த இரண்டிலும் இருப்பவற்றை முதலில் பொருத்துங்கள்.

உயரமான அலமாரிக்கு மேல்பக்கம் இரண்டு மூலையிலும் எல் வடிவ இரும்புத் தகடு அல்லது பட்டை. தகட்டை அலமாரியின் பின்பக்க அட்டையில் முடுக்காதீர்கள்; அந்த மெல்லிய அட்டை பிய்த்துக்கொண்டு வந்துவிடும். சட்டத்தில், தடித்த மரத்தில் ஏற வேண்டும். சுவர்ப்பக்கம் இன்னும் முக்கியம். கான்கிரீட் அல்லது செங்கல் என்றால் சுத்தியல் டிரில்லால் துளைபோட்டு, உள்ளே இருக்கும் தூளை ஊதி வெளியேற்றி, திருகைப் பிடித்துக்கொள்ளும் சிறு உறையான பிளக்கைச் செருகி, பிறகு திருகு. தூளை எடுக்காமல் பிளக் செருகினேன். திருகு முறுக முறுக பிளக்கும் சேர்ந்து சுற்றியது. அதைக் கையால் இழுத்தாலே வந்தது. ஜிப்சம் பலகைச் சுவர் என்றால் பலகையில் மட்டும் திருகினால் பயனில்லை. உள்ளே நிற்கும் சட்டத்தைக் கண்டுபிடித்து அதில் திருக வேண்டும். ஒரு சிறு காந்தத்தைச் சுவரில் நகர்த்திப் பாருங்கள், சட்டத்தில் அடித்த திருகு இருக்கும் இடத்தில் ஒட்டும். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் கீழும், குழாய்க்கு நேர் மேலும் கீழும் துளைபோடாதீர்கள்.

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரட்டை அலமாரி என்றால் அவற்றைத் தகடு வைத்து ஒன்றாக இணைத்த பிறகே சுவரோடு பிணையுங்கள். கனமானதைக் கீழ்த்தட்டில் வையுங்கள். சமையலறை மேல் அலமாரிகளுக்குக் குழந்தைகள் திறக்காமலிருக்கப் போடும் தாழ்ப்பாள் போதும். டிவிக்குப் பட்டை. படங்களைத் திறந்த ஆணியில் மாட்டாமல் மூடிய வளையக் கொக்கியில் மாட்டுங்கள். பெரிய சன்னல் கண்ணாடிக்குப் பாதுகாப்புப் படலம் ஒட்டினால் உடைந்தாலும் சிதறாது. குளிர்சாதனப் பெட்டியை மறந்துவிடாதீர்கள், அது நடந்தே வரும்.

நின்ற நிலையில் இருக்கும் வெந்நீர்க் கலனுக்கு இரண்டு பட்டை வேண்டும், மேல் மூன்றில் ஒரு பாகத்தில் ஒன்று, கீழ் மூன்றில் ஒரு பாகத்தில் ஒன்று. அது சாய்ந்தால் எரிவாயுக் குழாயும் தண்ணீர்க் குழாயும் சேர்ந்தே அறுந்துபோகும். எரிவாயு சிலிண்டரைச் சங்கிலியால் சுவரோடு கட்டுங்கள். அடுப்புக்குப் போகும் இணைப்பு வளையக்கூடிய குழாயாக இருக்கட்டும்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு: சுவரில் துளை போட வீட்டு உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், குறுஞ்செய்தி போதும். காலி செய்யும்போது துளையை அடைத்துத் தருகிறேன் என்று நீங்களே சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மறுத்தால், அலமாரிக்கும் கூரைக்கும் இடையில் இறுக்கி நிறுத்தும் கம்பியும், அலமாரியின் முன் விளிம்பின் கீழே செருகும் ஆப்பும் கிடைக்கின்றன. ஒன்று மட்டும் என்றால் பலன் குறைவு, இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். கூரை பலகையால் ஆனது என்றால் கம்பி உதவாது.

எல்லாத் தகடு, திருகு, பட்டை, தாழ்ப்பாள் சேர்த்தும் ஒரு நடுத்தர பீரோவின் விலையைக்கூடத் தொடாது. இரண்டு வாரயிறுதி போதும். டிரில் வாங்க வேண்டாம், அக்கம்பக்கத்தில் யாரிடமாவது நிச்சயம் இருக்கும்.

4. எரிவாயு, மின்சாரம், தண்ணீர்: மூன்றையும் நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்

வீட்டில் பெரியவர்கள் எல்லோரும், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும், மூன்று வால்வும் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டத் தெரிந்திருக்க வேண்டும். குழாய் எரிவாயு என்றால் வால்வின் தண்டு குழாயோடு ஒரே திசையில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. திருப்ப ஸ்பானர் தேவை என்றால் அதை வால்வுக்குப் பக்கத்திலேயே கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள்.

இதில் பலர் விழும் குழி ஒன்று இருக்கிறது. ஆட்டம் நின்றதும் பயத்தில் எரிவாயுவை மூடிவிடுவார்கள். வாசனை வந்தால், சீறும் சத்தம் கேட்டால், குழாய் உடைந்திருந்தால் கட்டாயம் மூடுங்கள். ஒன்றும் இல்லாமல் மெயின் வால்வை மூடிவிட்டால், திரும்பத் திறக்க எரிவாயு நிறுவன ஆள் வர வேண்டும். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கூப்பிடும்போது அதற்கு நாள் கணக்கில் காத்திருக்க நேரும். நீங்களாகத் திறக்கவே கூடாது. சிலிண்டர் என்றால் இந்தச் சிக்கல் இல்லை, ரெகுலேட்டரை மூடிவிடுங்கள்.

எரிவாயு வாசனை இல்லை, வீட்டை விட்டு வெளியேறுகிறீர்கள் என்றால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போங்கள். 1995-ல் கோபேயில் மின்சாரம் திரும்ப வந்தபோது, ஆளில்லாத வீடுகளில் கவிழ்ந்து கிடந்த ஹீட்டர்களும் அறுந்த வயர்களும் புதிதாகத் தீயை மூட்டின.

5. ஆவணங்களும் காப்பீடும்

ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்றே ஒதுக்குங்கள். தண்ணீர் புகாத உறையில் நகல்கள் வையுங்கள்:

- எல்லோருடைய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, விசா
- பிறப்பு, திருமணச் சான்றிதழ்கள்
- வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், வரி ரசீது, கட்டட வரைபடம், பொறியாளர் அறிக்கை
- காப்பீட்டுப் பாலிசிகள், வங்கிக் கணக்கின் முதல் பக்கம்
- மருந்துச் சீட்டு, ரத்த வகை, ஒவ்வாமை விவரம், கண்ணாடி பவர்
- முக்கியமான பத்துத் தொலைபேசி எண்கள், கையால் எழுதியது

ஸ்கேன் செய்த கோப்புகளைக் கடவுச்சொல் போட்டு ஒரு பென் டிரைவிலும் இணையச் சேமிப்பிலும் வையுங்கள். வேறு ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரிடம் இன்னொரு நகல் இருக்கட்டும். அசல்கள் வங்கி லாக்கரில் இருந்தால் நல்லதுதான், ஆனால் வங்கி இருக்கும் கட்டடமும் ஆடியிருக்கும் என்பதை நினைவில் வைத்து நகல்களை விட்டுவிடாதீர்கள்.

பிறகு போனை எடுத்து வீடு முழுவதும் வீடியோ எடுங்கள். ஒவ்வொரு அலமாரியையும் திறந்து காட்டுங்கள். டிவி, சலவை இயந்திரம் போன்றவற்றின் பின்னால் இருக்கும் வரிசை எண்ணையும் படம் எடுங்கள். இருபது நிமிட வேலை. இதை நான் செய்யாததால், உடைந்த பொருட்கள் என்னிடம் இருந்தன என்று நிரூபிக்கவே மூன்று மாதம் அலைந்தேன்.

சாதாரண வீட்டுக் காப்பீட்டில் நிலநடுக்கம் பல நாடுகளில் சேராது. தனிப் பாலிசியாகவோ கூடுதல் பிரிவாகவோ வாங்க வேண்டும். முகவர் "எல்லாமே அடங்கும்" என்று சொன்னால் பாலிசியில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள். இவற்றையும் கேளுங்கள்: நிலநடுக்கத்தைத் தொடர்ந்து தீப்பிடித்தால் கிடைக்குமா, சுனாமியும் நிலச்சரிவும் சேருமா, வீட்டுச் சாமான்களுக்குத் தனியா, வீடு சரிசெய்யும்வரை வெளியே தங்கும் வாடகை கிடைக்குமா.

இரண்டு கணக்கு முக்கியம். ஒன்று, காப்பீட்டுத் தொகை என்பது வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவு. சந்தை விலை அல்ல, ஏனென்றால் நிலம் அப்படியேதான் இருக்கும். குறைத்துப் போட்டால் இழப்பீட்டையும் அதே விகிதத்தில் குறைத்துத் தருவது பல பாலிசிகளில் வழக்கம். இரண்டு, நீங்கள் ஏற்க வேண்டிய கழிவுத்தொகை. நிலநடுக்கப் பாலிசிகளில் இது பெரும்பாலும் காப்பீட்டுத் தொகையின் சதவீதம், சேதத்தின் சதவீதம் அல்ல. வீட்டுக்கு 100 ரூபாய் காப்பீடு, கழிவு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 ரூபாய் சேதம் வந்தால் ஒன்றும் கிடைக்காது. 40 ரூபாய் சேதம் வந்தால் 25 கிடைக்கும். இது தெரியாமல் பிரீமியம் குறைவாக இருக்கிறதே என்று கையெழுத்துப் போடாதீர்கள்.

எப்போது வாங்குகிறீர்கள் என்பதும் முக்கியம். ஒரு நிலநடுக்கம் வந்தவுடன் அந்தப் பகுதியில் புதிய பாலிசி கொடுப்பதை நிறுவனங்கள் கொஞ்ச நாள் நிறுத்திவைப்பது வழக்கம். ஆடிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

6. தண்ணீரும் பையும்

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், குறைந்தது மூன்று நாளுக்கு. இரண்டு வாரத்துக்கு வைக்க இடமிருந்தால் இன்னும் நல்லது. நான்கு பேர் வீட்டுக்கு மூன்று நாளைக்கே 48 லிட்டர், அதாவது 48 கிலோ. இதைப் பையில் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. எனவே வீட்டுச் சேமிப்பு வேறு, வெளியேறும் பை வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். சேமிப்பையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். அந்த அறைக் கதவு திறக்காமல் போகலாம்.

தண்ணீர் தீர்ந்தால் வெந்நீர்க் கலனில் இருப்பது நல்ல தண்ணீர்தான். மின்சாரத்தையோ எரிவாயுவையோ நிறுத்தி, ஆறவிட்டு, உள்வரும் வால்வை மூடி, அடியில் இருக்கும் குழாயில் பிடியுங்கள். சந்தேகமான தண்ணீரைக் கொதிக்கவையுங்கள். முடியாவிட்டால் வாசனை, சாயம் எதுவும் சேராத 5 முதல் 6 சதவீத வீட்டு ப்ளீச் திரவத்தை ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு சொட்டு விட்டு, கலக்கி, 30 நிமிடம் வையுங்கள். கலங்கலாக இருந்தால் துணியில் வடிகட்டிய பிறகு செய்யுங்கள்.

பையில் வைக்க வேண்டியவை: ஓர் ஆளுக்கு ஓரிரு பாட்டில் தண்ணீர், சமைக்காமல் திறந்து சாப்பிடக்கூடிய உணவு, டப்பா திறப்பான், ஒரு வாரத்து மருந்து, முதலுதவிப் பெட்டி, பவர் பேங்க், பேட்டரி ரேடியோ, டார்ச், விசில், தடித்த கையுறை, முகக்கவசம், சில்லறையாக ரொக்கம், ஆவண உறை, குழந்தை இருந்தால் அதன் பால்பொடியும் டயப்பரும், மாதவிடாய்ப் பொருட்கள், தடித்த குப்பைப் பைகள். ரொக்கம் முக்கியம், ஏனென்றால் மின்சாரம் இல்லாமல் அட்டையும் ஓடாது, ஏடிஎம்மும் ஓடாது. குப்பைப் பை எதற்கு என்றால் கழிப்பறைக்கு. கழிவுநீர்க் குழாய் உடைந்திருந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒரு மூடிபோட்ட வாளியில் இரட்டைப் பை போட்டுப் பயன்படுத்த வேண்டியிருக்கும். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் இரண்டாம் நாளிலிருந்து வீட்டில் பெரும் பிரச்சினை இதுதான்.

மெழுகுவர்த்தி வேண்டாம்.

தயார் நிலையில் விற்கும் பைகளை வாங்காதீர்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் நான் வாங்கியதில் பாதி பயன்படாது. வீட்டில் இருப்பதைத் திரட்டி, மிச்சத்தை மாதம் இரண்டு பொருளாகச் சேர்த்தால் சுமை தெரியாது.

7. குடும்பத்தோடு பேசி முடிவுசெய்யுங்கள்

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு திறந்தவெளி, பகுதிக்கு வெளியே ஒரு இடம் என இரண்டு சந்திப்பிடங்கள். வேறு ஊரில் இருக்கும் ஒருவர்தான் தொடர்பு மையம். பாதிக்கப்பட்ட ஊருக்குள் அழைப்பு போகாதபோதும் வெளியூருக்குச் செய்தி போய்ச் சேர வாய்ப்பு அதிகம். அழைக்காதீர்கள், குறுஞ்செய்தி அனுப்புங்கள்.

பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால், அவசரத்தில் யார் யார் அழைத்துப் போகலாம் என்ற படிவத்தைப் பள்ளியில் கேட்டு நிரப்புங்கள். எங்கள் பெயர் இரண்டு மட்டும் இருந்ததால், பக்கத்து வீட்டு அம்மா போய் நின்றும் பிள்ளையை அனுப்பவில்லை. பள்ளி செய்தது சரிதான், நாங்கள்தான் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் பாதுகாப்பும் அவசரமும் என்ற பகுதியில் நிலநடுக்க எச்சரிக்கை பல நாடுகளில் கிடைக்கிறது. இடம் காட்டும் வசதியும் இணையமும் இயங்க வேண்டும். நிலநடுக்கத்தில் வேகமான மெல்லிய அலை முதலிலும், ஆட்டிப்படைக்கும் மெதுவான அலை பின்னாலும் வருகின்றன. அந்த இடைவெளிதான் எச்சரிக்கை நேரம், சில விநாடிகள். மையத்துக்கு அருகில் இருந்தால் அதுவும் கிடைக்காது.

8. ஆடும்போது

குனியுங்கள், மறையுங்கள், பற்றிக்கொள்ளுங்கள். நிலம் உங்களைத் தள்ளிவிடும் முன் நீங்களே முட்டிபோட்டு இறங்குங்கள். உறுதியான மேசைக்கடியில் தலையும் கழுத்தும் போகட்டும். மேசைக்காலை ஒரு கையால் பிடியுங்கள். மேசை நகர்ந்தால் கூடவே நகருங்கள். மேசை இல்லையா, சன்னல் இல்லாத உள்சுவர் ஓரமாகத் தவழ்ந்து போய், கைகளால் தலையையும் பின்கழுத்தையும் மூடிக்கொள்ளுங்கள்.

கட்டிலில் இருந்தால் அங்கேயே குப்புறப் படுத்துத் தலையணையால் தலையை மூடுங்கள். நான் அன்று இதைச் செய்திருந்தால் ஒரு கீறல்கூட இருந்திருக்காது. கதவு நிலையில் நிற்பது பழைய பழக்கம். இன்றைய வீடுகளில் கதவு நிலை மற்ற இடத்தைவிட வலுவானது அல்ல, ஆடும் கதவு விரலை நசுக்கும். மாடிப்படிக்கு ஓடாதீர்கள். வாசலுக்கும் ஓடாதீர்கள், வெளிச்சுவர்ப் பூச்சு, கண்ணாடி, ஓடு எல்லாம் கட்டடத்தின் ஓரத்தில்தான் விழும். ஒரே ஒரு விலக்கு: கனமான கூரை போட்ட மண் சுவர் அல்லது பிணைப்பில்லாத கல் சுவர் வீட்டில், தரைத்தளத்தில், வாசலுக்கு இரண்டு மூன்று அடி தூரத்தில் இருந்து, வெளியே திறந்தவெளி இருந்தால், சட்டென்று வெளியேறுவதே நல்லது.

அடுப்பு கை எட்டும் தூரத்தில் இருந்தால் அணையுங்கள். இல்லாவிட்டால் ஆட்டம் நின்ற பிறகு. சக்கர நாற்காலியில் இருப்பவர் சக்கரத்தைப் பூட்டி, முன்னால் குனிந்து தலையை மூட வேண்டும். லிஃப்டில் இருந்தால் எல்லா மாடிப் பொத்தானையும் அழுத்தி, முதலில் திறக்கும் இடத்தில் இறங்குங்கள். வண்டி ஓட்டினால் பாலம், மின்கம்பி, மரம் இல்லாத இடத்தில் ஓரம் கட்டி உள்ளேயே இருங்கள்.

கடற்கரையில் இருந்து, ஆட்டம் 20 விநாடிக்கு மேல் நீடித்தால் அல்லது நிற்க முடியாதபடி ஆட்டினால், நின்றவுடன் மேட்டுக்கு நடங்கள். அறிவிப்புக்குக் காத்திருக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 நம் எல்லோர் நினைவிலும் இருக்கிறது. முதல் அலைதான் பெரியது என்றும் நினைக்காதீர்கள்.

இதை வாசித்தால் மட்டும் வராது. மாதம் ஒருமுறை, ஒருவர் திடீரென்று "ஆடுது" என்று கத்த, மற்றவர்கள் இருக்கும் இடத்திலேயே மறைய வேண்டும். ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரியும்.

9. நின்ற பிறகு

முதலில் காலணி. பிறகு உங்கள் உடம்பு, பிறகு வீட்டார். எரிவாயு வாசனை வந்தால் தீக்குச்சியும் வேண்டாம், சுவிட்சையும் தொட வேண்டாம். சன்னலைத் திறந்து, வால்வை மூடி, வெளியேறுங்கள். வீட்டுக்குள் ஜெனரேட்டரோ கரியடுப்போ வைக்காதீர்கள், வாசனையில்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை எடுத்துவிடும்.

பின்னதிர்வு வந்தே தீரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். துருக்கியில் 2023 பிப்ரவரி 6 அதிகாலை 7.8 அளவில் ஒன்று, அதே நாள் மதியம் 7.5 அளவில் இன்னொன்று. ஒவ்வொரு முறையும் குனிந்து மறைய வேண்டும். முதல் ஆட்டம் நின்றதும் மிச்சம் எடுக்க வீட்டுக்குள் ஓடாதீர்கள்.

இடிபாட்டில் சிக்கிக்கொண்டால் கத்திக் களைக்காதீர்கள், தூசு உள்ளே போகும். விசில் ஊதுங்கள் அல்லது குழாயை மூன்று மூன்று தட்டாகத் தட்டுங்கள். கோபேயில் சிக்கியவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றியது வீட்டாரும் பக்கத்து வீட்டாரும்தான். அதனால் ஒரு கடப்பாரையும் கையுறையும் வாசல் பக்கம் இருக்கட்டும், பக்கத்து வீட்டில் எந்த அறையில் யார் படுப்பார்கள் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

10. திரும்பப் போவதும் இழப்பீடு கேட்பதும்

தூணில் விரிசல், தூணும் பீமும் சேரும் இடத்தில் கான்கிரீட் பெயர்தல், சன்னல்களுக்கு இடையே பெருக்கல் குறி போல் விரிசல், கதவு சட்டத்தில் மாட்டிக்கொள்வது, கட்டடம் சாய்ந்திருப்பது. இவற்றில் எது இருந்தாலும் பொறியாளர் சொல்லும்வரை உள்ளே போகாதீர்கள். சில நாடுகளில் ஆய்வாளர்கள் கட்டடத்தில் நிற அட்டை ஒட்டுவார்கள். பச்சை என்றால் போகலாம், மஞ்சள் என்றால் கட்டுப்பாட்டோடு, சிவப்பு என்றால் போகவே கூடாது. பச்சை அட்டை வாங்கிய வீடும் அடுத்த பெரிய ஆட்டத்துக்குப் பிறகு மறுபடி பார்க்கப்பட வேண்டும்.

சுத்தம் செய்வதற்கு முன் படம் எடுங்கள். அந்த அலமாரிச் சில்லுகளை அன்றைக்கே கூட்டி அள்ளிக் கொட்டிவிட்டேன். சேதம் பார்க்க வந்தவர் "எங்கே?" என்று கேட்டபோது காட்ட ஒன்றுமில்லை. ஒவ்வொரு அறையிலும் வாசலிலிருந்து ஒன்று, மூலையிலிருந்து ஒன்று, பொருளுக்குப் பக்கத்தில் ஒன்று. மழை உள்ளே வராமல் தார்ப்பாய் போட்டால் அதன் ரசீதையும் வைத்திருங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு முதல் தகவலை முடிந்தவரை அன்றே எழுத்தில் கொடுங்கள், எண் வாங்குங்கள், பேசியவர் பெயர், தேதி, நேரம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். முதலில் சொல்லும் தொகைக்கு உடனே முழுத் தீர்வு என்று கையெழுத்துப் போடாதீர்கள். சுவருக்குள் இருக்கும் சேதம் வாரங்கள் கழித்துத் தெரியவரும்.

11. ஆறு மாதத்துக்கு ஒருமுறை

காலண்டரில் இரண்டு தேதியைக் குறித்துவையுங்கள், பிறந்தநாள் எதையாவது வைத்துக்கொண்டால் மறக்காது. நீங்களே நிரப்பிவைத்த தண்ணீரை மாற்றுங்கள். மருந்து, உணவு காலாவதித் தேதி பாருங்கள். டார்ச்சிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள், உள்ளேயே இருந்தால் கசிந்து டார்ச் கெடும். பவர் பேங்கை ஏற்றுங்கள். அலமாரித் தகட்டின் திருகை ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். புதிதாக வாங்கிய பொருளைப் படம் எடுத்துப் பட்டியலில் சேருங்கள். காப்பீடு புதுப்பிக்கும் தேதியைச் சரிபாருங்கள்.

குழந்தையின் கட்டில் காலில் கட்டிய பையை அவிழ்த்து அந்தக் காலணியை ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். போன முறை அவிழ்த்தபோது என் மகளுக்குக் குதிகால் உள்ளேயே போகவில்லை.